காசு கட்டாத மௌனம்

என் மச்சான் அந்த பிளக்கினுக்குக் காசு கட்டிவிட்டான் என்று தெரிந்ததும் நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிளக்கின் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் பாட்டு செய்கிற சாஃப்ட்வேருக்குள் செருகிக்கொள்கிற இன்னொரு சாஃப்ட்வேர். கீபோர்டு மாதிரிதான், ஆனால் கையில் தூக்க முடியாது, தூசி தட்ட முடியாது. திரையில் வரிசை வரிசையாகத் திருகுகள் இருக்கும். ஒன்றைத் திருகினால் சத்தம் தடிக்கும். இன்னொன்றைத் திருகினால் மெலியும். ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் பேர் போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடும் என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். சத்தத்தை அமுக்கி உள்ளேயே வேகவிடுகிற திருகு, மூடி. விரலை எடுத்த பிறகும் சத்தத்தை இழுத்துக்கொண்டே போவது, வால். தானாகவே டிக் டிக்கென்று தாளம் போட்டுக்கொண்டு ஓடுகிற பொத்தானுக்கு, கோழி. கொத்திக்கொண்டே இருக்கும், அதனால்.

பகலெல்லாம் எனக்கு வெளுப்பு ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிப் போர்வையும் ஓட்டல் விரிப்பும் மலை மாதிரி வந்து இறங்கும். அதைச் சூட்டு உருளைக்குள் விட்டு மடிப்பில்லாமல் எடுக்கவேண்டும். அங்கே எனக்கு இஸ்திரி என்றே பேர். வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை என்னுடையதா பக்கத்து வீட்டுக்காரனுடையதா என்று தெரியாது. அந்த நேரத்தில் மற்றவர்கள் டிவி முன்னால் சாய்வார்கள், நான் கோழியைத் தட்டிவிட்டு மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மச்சான்தான் ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்து, இந்த பிளக்கினையும் ஏற்றிக் கொடுத்தான். அவனுக்கு போன் ரிப்பேர் கடை. ஊரில் அவனை பேட்டரி என்பார்கள், சார்ஜ் இறங்காமல் பேசுவான்.

பிளக்கின் இலவசம்தான், ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. காசு கட்டி முழுசாக வாங்கும்வரை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். நன்றாக மூச்சை இழுத்து விடுகிற நேரம் ஒரு பொட்டு சத்தம் வராது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். 'காசு எங்கே?' என்று கேட்கிற விதம் அது. நான் செய்த பாட்டுக்கெல்லாம் இப்படி ஓட்டை விழுந்திருக்கும். எனக்கு அது, கல்யாண வீட்டுக்குக் கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

இப்போது என் மகள் விஷயம். அவள் நடனம் ஆடுகிறவள். ஆடுகிறவள் என்றால், ஆலையில் மடிப்பு மேஜையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, மிச்சமிருக்கிற காலை வைத்துக்கொண்டு ஆடுகிறவள். சம்பளம் கொடுத்து ஆட்களைச் சேர்த்துக்கொள்கிற நடனக் குழு ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதடவை ஆள் எடுப்பார்கள். போன வருஷமும் போனாள், அதற்கு முந்தின வருஷமும் போனாள், கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதற்கிடையில் ஆலையில் மேற்பார்வையாளர் அவளை நிரந்தரமாக்குகிறேன், சரியா இல்லையா சொல்லு என்று பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாகவேண்டும். குழு ஆள் எடுக்கிறது சனிக்கிழமை. அவ்வளவுதான். சனிக்கிழமை கிடைத்தால் நடனம், கிடைக்காவிட்டால் மடிப்பு மேஜை, என் மாதிரியே, முதுகு வளைகிறவரை.

எந்தப் பாட்டுக்கு ஆடுவது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து என் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"இதை எனக்குக் குடுங்கப்பா."

"இதுவா? நடுவுல நடுவுல நின்னுடுதே, பரவாயில்லையா?"

"அதுதாம்ப்பா நல்லாயிருக்கு."

அப்பன் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பெண்பிள்ளைகள் அப்படித்தானே சொல்வார்கள். பாட்டை நாலு ஓட்டையோடு அப்படியே பதிவுசெய்து அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். அவள் பயிற்சி எடுக்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஓட்டை வருகிற இடம் வந்தால் எனக்குப் பல் கூசும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தான். முகத்தில் ஒரு மர்மச் சிரிப்பு.

"அத்தான், லேப்டாப்பைத் திறங்க."

திறந்தேன். தட்டுதட்டென்று என்னவோ தட்டினான். பிளக்கின் மேலே ஓரத்தில் எப்போதும் இருக்கிற சிவப்புப் பட்டை காணாமல் போயிருந்தது.

"காசு கட்டிட்டேன். மருமகளுக்கு என்னோட சீர்னு வெச்சுக்கங்க. இனிமே அது வாயை மூடாது, என்னை மாதிரி."

பாட்டை ஓட்டினேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டம். கோழி கொத்திக்கொண்டே போகிறது, வால் நீண்டுகொண்டே போகிறது, எங்கேயும் ஓட்டை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உருளைச் சூட்டால் வந்ததென்று சொல்லவும் வழியில்லை, வீட்டில் இருந்தேன். பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்து பழையதன் மேலேயே சேமித்தேன். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் மேஜைமேல் கிடந்தது. அதிலும் பழசை அழித்துவிட்டுப் புதுசைப் போட்டேன். அரங்கத்தில் கொடுப்பதற்கான பென் டிரைவிலும் அப்படியே. எவ்வளவு சுத்தமாகச் செய்தேன் தெரியுமா? ஒரு இடம் விடவில்லை.

அவள் வெளியே வந்ததும் சொன்னேன். "பாட்டை நல்லா பண்ணி வெச்சிருக்கேன்ம்மா. கேக்கறியா?"

"வேண்டாம்ப்பா. ஆடறதுக்கு முதல் நாள்லேருந்து நான் கேக்கமாட்டேன். காது காலியா இருக்கணும். சவுண்டு கொஞ்சம் ஏத்தியிருக்கீங்களா?"

"ஏத்தியிருக்கேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மேடையில் கேட்டு அசந்துபோகட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அரங்கத்துக்கு நான், மனைவி, மகள், மச்சான் என்று நாலு பேரும் போனோம். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலியிலும் காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண்ணோ பையனோ. எல்லார் நெஞ்சிலும் எண் ஒட்டியிருந்தது. ஆடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் மேடையில் ஒருதடவை இடம் பார்த்துக்கொள்ளலாம். பாட்டின் முதல் பகுதியை மட்டும் போடுவார்கள்.

என் மகளைக் கூப்பிட்டார்கள். நாங்கள் கதவோரம் நின்று பார்த்தோம். பாட்டு வந்தது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் என் கோழியைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவள் நடந்தாள், திரும்பினாள், வலது குதிகாலைத் தூக்கி ஒற்றைக் காலில் நின்றாள். நின்றவள் என்னவோ தேடுகிற மாதிரி கண்ணை உருட்டினாள். தடுமாறினாள். காலைக் கீழே வைத்துவிட்டாள். பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் மேடை நடுவில் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி நின்றாள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் என் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, எங்கப்பா?"

"எது எங்க?"

"நிக்கிற இடம்! சத்தம் நின்னு நான் மட்டும் இருக்கிற இடம்!"

"அதையெல்லாம் சரி பண்ணிட்டேன்மா. உன் மாமா காசு கட்டிட்டான். இப்ப ஓட்டையே கிடையாது."

அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

"ஓட்டையா?" என்றாள். "நீங்க வேணும்னே வெச்சதில்லையா அது?"

மச்சான் விளக்கினான். இலவசமாக வைத்திருந்தால் நடுவில் நிற்கும், காசு கட்டினால் நிற்காது, எல்லாவற்றையும். அவன் பாவம், உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு விவரமாகவே விளக்கினான்.

"அப்ப நான் இத்தனை மாசமா ஒரு கம்பெனியோட கஞ்சத்தனத்துக்கா ஆடிட்டிருந்தேன்?" என்று கேட்டுவிட்டு அவள் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே அது அழுகையாக மாறிவிட்டது. "என் ஆட்டமே அந்த நாலு இடத்துலதாம்ப்பா இருக்கு. மத்ததெல்லாம் அங்க போய்ச் சேர்றதுக்கு நடக்கிற நடை."

என் மனைவி தன் தம்பி பக்கம் திரும்பினாள். "உன்னை யாருடா காசு கட்டச் சொன்னா?"

"நல்லது செஞ்சவன் நான். எனக்கே அடியா?"

"கட்டறதுதான் கட்டினே, ஞாயித்துக்கிழமை கட்டித் தொலைக்கிறதுக்கென்ன?"

"அக்கா, வேணும்னா அதைக் கழட்டிடறேன். பழையபடி இலவசமா ஆக்கிடலாம்."

ஆக்கினாலும் பிரயோஜனம் இல்லை. அது தன் இஷ்டத்துக்கு நினைத்த இடத்தில் வாயை மூடும், போன தடவை மூடிய இடத்திலேயே மூடாது. கையால் வெட்டலாம் என்றால் லேப்டாப் வீட்டில். வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அவளுக்கு முன்னால் ஆடவேண்டியவர்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம். பழைய பதிவு போனில் இருக்கிறதா என்று மச்சான் தோண்டிப் பார்த்தான். நான்தான் ஒரு இடம் விடாமல் அழித்திருந்தேனே.

"சத்தத்தைக் கையாலேயே நிறுத்தினா?" என்றேன். "அங்க ஒருத்தங்க சத்தத்தை ஏத்தி இறக்கற மிக்சர் முன்னாடி உக்காந்திருக்காங்களே. நான் பக்கத்துல உக்காந்து, அந்தந்த இடத்துல இறக்கிவிடறேன்."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எந்த இடம்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அந்த இடங்களைக் கேட்கக்கூடாதென்றுதானே எழுந்து எழுந்து போனேன். அவள் ஆட்டத்தை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. அவளும் அதைப் புரிந்துகொண்டாள், ஆனால் அதைப்பற்றிப் பேச நேரமில்லை.

"வாங்க," என்று தாழ்வாரத்தின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்க் கேன் வைத்திருந்த மூலையில், பாட்டே இல்லாமல், முதலிலிருந்து ஆடிக் காட்டினாள். வாயால் மெதுவாக டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே ஆடினாள். "பாட்டைக் கேக்காதீங்கப்பா. என்னைப் பாருங்க. வலது குதிகால் தரையை விட்டு எழும்பினா இறக்குங்க. திரும்பத் தரையில பட்டா ஏத்துங்க. வேற எதுவும் யோசிக்காதீங்க."

முதல் இடத்தில் அவள் நின்றாள். வாயில் டிக் டிக்கும் நின்றது. அந்தச் சின்ன மூலையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கழுத்தெலும்பு ஏறி இறங்கியது. இவ்வளவு நாளும் நான் ஓட்டை என்று காதைப் பொத்திக்கொண்ட இடத்தில் இவள் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். மீதி மூன்று இடத்தையும் கண்ணில் வாங்கிக்கொண்டேன்.

மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு அம்மா. கழுத்தில் ஹெட்போன், மடியில் பிஸ்கட் பாக்கெட். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு பிஸ்கட்டை மடித்து வைத்தார்.

"இது என் டேபிள். இதுல வேற யார் கையும் படாது. எங்க இறக்கணும்னு சொல்லுங்க, நானே இறக்கறேன்."

"இடம் சொல்லத் தெரியலைங்க. பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப முடியாது. நாளைக்கு எல்லா அப்பாவும் வந்து நிப்பாங்க."

என் மனைவி முன்னால் வந்தாள். "அம்மா, இவர் வீட்ல எதையும் தொடமாட்டார். ஒரு டம்ளரைக் கழுவி வைங்கன்னாக்கூட தொடமாட்டார். கல்யாணமானதுலேருந்து இன்னிக்குத்தான் ஒண்ணைத் தொடறேன்னு ஆசைப்படறார். விட்டுடுங்களேன்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "உக்காருங்க. இந்த ஒரு தள்ளுகட்டையை மட்டும்தான், மேல தள்ளினா சத்தம் ஏறும், கீழ இழுத்தா இறங்கும். பக்கத்துல இருக்கிறது மைக், அதைத் தொட்டீங்கன்னா கையை உடைச்சிடுவேன். வெடுக்குனு இழுக்காதீங்க, ஸ்பீக்கர்ல டொப்புனு கேக்கும். வெண்ணெயில கத்தி போற மாதிரி இழுங்க."

தள்ளுகட்டையை ஒருதடவை இழுத்துப் பார்த்தேன். ரொம்ப லேசாக இருந்தது. எனக்கு அதுதான் பயம். கனமான பொருள் என்றால் கைக்குப் பழக்கம் உண்டு.

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் குழுவை நடத்துகிறவர் உட்கார்ந்திருந்தார், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. அவர் பக்கத்தில் இரண்டு பேர். மகள் மேடை நடுவுக்கு வந்து நின்றாள். பக்கத்திலிருந்த அம்மா பாட்டைத் தட்டிவிட்டார்.

பாட்டைக் கேட்காதே என்றாள். என் பாட்டை நானே கேட்காமல் இருப்பது எப்படி? குதிகாலைப் பார்த்தேன். குதிகாலை மட்டும். நடந்தது, திரும்பியது, எழும்பியது. இழுத்தேன்.

டொப்பென்று கேட்கவில்லை. சத்தம் வழிந்து போய்விட்டது. அரங்கம் முழுக்க அவள் மூச்சு மட்டும். முன்வரிசையில் யாரோ காலை மாற்றிப் போட்டது கேட்டது. குதிகால் தரையில் பட்டது. ஏற்றினேன். கோழி ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது இடத்தில் நான் தாமதமாகிவிட்டேன். அவள் காலைத் தூக்கிவிட்டாள், என் விரல் வியர்வையில் வழுக்கிவிட்டது. கோழி அவள் காதுக்குள் கொத்திக்கொண்டிருந்திருக்கும். அவள் கண்ணை உருட்டவில்லை. நான் வருவேன் என்று காத்திருந்தாள். பக்கத்திலிருந்த அம்மா தன் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார். மூன்றாவது சரியாக அமைந்தது.

நாலாவதில்தான் என் உயிர் போய்த் திரும்பியது. குதிகால் எழும்பியது, இழுத்தேன். அவள் ஒற்றைக் காலில் நின்று, கையை மெதுவாக, கம்பியில் துணி உலருகிற மாதிரி விரித்தாள். அந்த பிளக்கின் மெஷினாக இருந்தால் அந்நேரம் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும். அவள் காலை இறக்கவில்லை. இன்னும் நின்றாள். மூலையில் காட்டியபோது இப்படி நிற்கவில்லை. மறந்துவிட்டாளா? விழப்போகிறாளா? விரல் தள்ளுகட்டையை மேலே தள்ளப் போனது. அந்த அம்மா என் முழங்கையை அழுத்தினார். மகள் முகத்தைப் பார்த்தேன், அப்போதுதான் குதிகாலை விட்டுக் கண்ணை எடுத்தேன். அவள் பயப்படவில்லை. நன்றாக, வசதியாக நின்றுகொண்டிருந்தாள். காத்திருக்க ஆள் இருக்கிறதென்று தெரிந்துதான் நிற்கிறாள். சரி, நில்லு என்று நானும் இருந்தேன். முன்வரிசையில் பேனாக்கள் நின்றுவிட்டன. கதவோரம் மச்சான்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அப்புறம் பாதத்தைக் கீழே வைத்தாள். மெதுவாக ஏற்றினேன். பாட்டு முடிந்தது.

நாற்காலியை விட்டு எழுந்தேன். "கொஞ்சம் உக்காருங்க," என்று அந்த அம்மா ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்தார்.

எல்லாரும் ஆடி முடிக்கிறவரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். மச்சான், "அந்தக் கம்பெனிக்காரன் காசைத் திருப்பித் தருவானா?" என்று கேட்டு அவன் அக்காவிடம் ஒரு கிள்ளு வாங்கினான். நரைத்த முடிக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நேராக என் மகளிடம் வந்து நின்றார்.

"திங்கக்கிழமை காலையில வந்துடும்மா. உன்னை எடுத்துக்கறோம்." அப்புறம், "அந்த நிறுத்தமெல்லாம் யாரோட யோசனை?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கூரையைப் பார்த்தான்.

"வீட்ல எல்லாரும் சேர்ந்துதாங்க," என்றாள் என் மனைவி.

அவர் உள்ளே போனார். மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில ஏண்டி அவ்வளவு நேரம் நின்னே? எனக்கு உசிரே போயிடுச்சு."

"மெஷின் இவ்வளவு நேரம் நிக்க விடாதேப்பா. நீங்க விடுவீங்கன்னு நின்னு பாத்தேன்."

"மேற்பார்வையாளருக்கு யார் சொல்றது?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"நான் சொல்றேன்," என்றேன். இன்றைக்கு எதையும் தொடலாம் என்றிருந்தது. மச்சானிடம் போனை வாங்கி அங்கேயே கூப்பிட்டேன்.

"நான் இஸ்திரி பேசறேன் சார். என் பொண்ணு திங்கக்கிழமையிலேருந்து வரமாட்டா."

"என்னய்யா, திடீர்னு? மடிப்பு மேஜைக்கு நான் யாரைப் போடறது?"

"யாரையாவது போடுங்க சார்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.